கடன் எண்டா வேண்டாம் ஐயா

அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்பவளுக்கு வார இறுதி ஓய்வு என்பது அபூர்வம். ஆறுதலாகப் பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். அழைப்புமணி அடித்ததும் என் கணவர்தான் போய்க் கதவைத் திறந்தார். பிறகு, "இஞ்சேரும், ஓடி வாரும்! ஆர் வந்திருக்கிறா எண்டு பாரும்!" என்று கூப்பிட்டார். ஓய்வு பெற்றதற்குப் பிறகு அவருடைய குரலில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் கேட்டதில்லை.

வாசலில் நின்றவளுக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். யாரோ கொடுத்த குளிர்ச்சட்டை, அவளுடைய அளவுக்குப் பெரிது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவளை நான் நேரில் கண்டதே இல்லை. ஆனால் அந்த முகம் எங்கள் வீட்டில் எவ்வளவோ காலமாக இருந்த முகம். இவருடைய புத்தகத்தின் அட்டையில், மிளகாய் அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், கையெல்லாம் சிவப்புத் தூளோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பவள் அவள்தான்.

என் கணவர் பொருளாதாரம் படித்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து மாணவராக ஜெர்மனிக்கு வந்து, ஊரில் சண்டை மூண்டதும் திரும்பிப் போக வழியில்லாமல் அகதியானார். பகலில் பல்கலைக்கழகம், மாலையில் உணவகத்தில் கோப்பை கழுவுதல். நான் அவரைக் கட்டிக்கொண்டு பான் நகரத்துக்கு வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது அகதிகளுக்கான ஹைமில் ஓர் அறை. அந்த விடுதியில் இருந்த பெண்கள் நாங்கள் சேர்ந்து சீட்டுப் பிடித்தோம். எங்களுக்கெல்லாம் எந்த வங்கி கடன் தரும்? ஒருத்தி சீட்டை எடுத்துத் தம்பியை ஊரிலிருந்து வெளிநாட்டுக்கு எடுத்தாள். இன்னொருத்தி பழைய குளிர்பெட்டி வாங்கி வைத்து ரோல்ஸ் செய்து விற்கத் தொடங்கினாள். ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. ஒருவரும் ஏமாற்றவும் இல்லை.

இவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள், "பாரும், வங்கி நம்பாத சனம் ஒருத்தரை ஒருத்தர் நம்புது. இதுதான் முதல். வேற முதல் என்னத்துக்கு?" என்றார். எனக்கு அது அப்போது பெரிய கதையாகப் படவில்லை. அவருக்கு அதுவே வாழ்க்கையாகிவிட்டது.

அதையே ஆராய்ந்து பட்டம் பெற்றார். உதவித் திட்டங்கள் நடத்தும் ஓர் அமைப்பில் வேலை கிடைத்தது. போர்நிறுத்தக் காலத்தில் வன்னிக்குப் போய், காணி உறுதியோ நகையோ கேட்காமல் ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். அந்தப் பக்கத்தில் அப்படி ஒன்றை அதற்குமுன் ஒருவரும் செய்யவில்லை. ஐந்து பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. ஒருத்தி வாங்கும் கடனுக்கு மற்ற நான்கு பேர் பிணை. இந்தக் காசு திரும்பி வராது என்று இங்கே படித்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் கட்டினார்கள். ஆடு வாங்கினார்கள், கடை போட்டார்கள். போர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகு இவர் மறுபடியும் போனார். புருஷனை இழந்தவர்கள், தறப்பாள் கொட்டிலில் இருந்தவர்கள், அவர்களுக்கும் கொடுத்தார். அவர்களும் கட்டினார்கள்.

"சும்மா குடுத்தா அது பிச்சை. கடனாக் குடுத்தா அது மரியாதை" என்பார். எந்தக் கூட்டத்திலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார். புத்தகம் வந்தது. பிற நாடுகளில் பேசக் கூப்பிட்டார்கள். மேடையில், "இந்த யோசனை என் மனைவி பிடித்த சீட்டிலிருந்து வந்தது" என்று சொல்லும்போது முன்வரிசையில் இருக்கும் எனக்கு வெட்கமும் பெருமையுமாக இருக்கும். அவர் பயணங்களில் இருந்த காலமெல்லாம் பிள்ளையை வளர்த்ததும், வாடகைக்குக் குறைந்ததை உழைத்ததும் நான். அதை ஒரு சுமையாக நான் நினைத்ததில்லை. நல்ல காரியம் ஒன்று நடக்கிறது, அதில் எனக்கும் பங்கிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் திட்டம் பெரிதாகிவிட்டது, தங்களால் நடத்த ஏலாது என்று சொல்லி, அமைப்பு அதை அங்குள்ள ஒரு நிதி நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டது. இவரும் சம்மதித்தார். பெரிய கை என்றால் இன்னும் கனபேருக்கு எட்டும் என்று நம்பினார். அதன்பிறகு பிரியாவிடை, பூங்கொத்து, ஓய்வு.

அட்டைப்படத்துப் பெண் எங்கள் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்ததும் இவர் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

"இது நான்தான் ஐயா" என்றாள். புத்தகத்தைத் தொடவில்லை.

"எப்ப ஜெர்மனிக்கு வந்தனீர்? மெஷின் எப்பிடி? இப்ப ஆர் பாக்கினம்?"

"மெஷின் இல்லை ஐயா. தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள்."

நான் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவள் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சொன்னாள். புது நிறுவனம் வந்த பிறகு மாதக் கட்டு வாரக் கட்டாயிற்று. வட்டி ஏறியது. அதைப் பார்த்து இன்னும் பல நிறுவனங்கள் வந்தன. மோட்டார் சைக்கிளில் வரும் பெடியன்கள் காசு கையில் கிடைக்கும்வரை முற்றத்தை விட்டுப் போகமாட்டார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மற்றொன்று. அவளுடைய குழுவில் ஒருத்தி பல இடங்களில் வாங்கியிருந்தாள். அவளால் கட்ட முடியாமல் போனபோது மற்ற நான்கு பேரையும் பிடித்தார்கள். குழுத் தலைவி என்பதால் முதலில் இவளை.

"நானும் போய் அவளைக் கத்தினனான் அக்கா" என்று என் பக்கம் திரும்பினாள். "நாங்கள் நாலு பேரும் ஒண்டாப் போய் அவளின்ர வாசல் படலையடியில நிண்டு கத்தினனாங்கள். கட்டடி, எங்களைக் கொல்லாதையடி எண்டு. அடுத்தநாள் அவளைக் கிணத்துக்குள்ள இருந்துதான் தூக்கினவை."

இவர் கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தார்.

அதோடு முடியவில்லை. செத்தவளுடைய கடனும் பிணை நின்றவர்கள் தலையில் விழுந்தது. காசு இல்லையென்றால் வேறு வழியிருக்கிறது என்று வசூலிக்க வந்த ஒருவன் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். மெஷின் போயிற்று. பிறகு அவன் பின்னேரங்களில் தனியாக வரத் தொடங்கினான். பொலிசில் சொன்னதற்கு, வாங்கின கடனைக் கட்டு என்றார்கள். மிஞ்சியிருந்த காணியை விற்று, மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு நாட்டைவிட்டு வெளிக்கிட்டாள்.

அவளுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். வழக்குப் போட்டிருந்தாள். நீதிமன்றத்தில் டெர்மின், விசாரணைக்கான நாள், வந்திருந்தது. அங்கே கடன் என்றால் என்ன, வசூல் என்றால் என்ன என்று விளங்கின ஒருவர் சாட்சி சொன்னால் நல்லது என்று வழக்கறிஞர் அம்மா சொல்லியிருக்கிறார்.

"எனக்கு இஞ்ச வேற ஒருத்தரையும் தெரியாது. நீங்கள் வந்து சொன்னாக் காணும் ஐயா."

இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பிட்டும் கறியும் கட்டிக்கொடுத்து, ட்ராம் நிறுத்தம்வரை நான்தான் கூட்டிப்போனேன். திரும்பி வந்தபோதும் அவர் அதே கதிரையில்தான் இருந்தார்.

"அது என்ர திட்டம் இல்லை. அவங்கள் பழுதாக்கின திட்டம்" என்றார்.

நான் மேசையிலிருந்த கோப்பையை எடுத்தேன்.

"நான் போய்ச் சொன்னா, நான் செய்தது முழுக்கப் பிழை எண்டுதான் எழுதுவாங்கள். நீர் என்ன சொல்லுறீர்?"

"எனக்கு உங்கட பொருளாதாரம் தெரியாது. அந்தப் பிள்ளை இப்ப ஹைமில தனிய இருந்து அழும். எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

உண்மையைச் சொன்னால், எனக்கு அவள்மேலும் கோபம் இருந்தது. ஏன் வந்தாள், ஏன் எங்கள் கதவைத் தட்டினாள் என்று. என் மனிதர் நிம்மதியாகக் கண் மூடவேண்டிய வயதில் அவருடைய வாழ்க்கையைக் குலைக்க வந்தவள் என்று. அவளுக்கு வைத்த கோப்பையைக் கழுவும்போது அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் வழக்கறிஞரிடம் போனோம். ஒன்றும் முடிவு செய்யவில்லை, கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் இவர் வந்தார். வழக்கறிஞர் இளம் ஜெர்மன் பெண். இவரைக் கண்டதும் எழுந்து நின்று கைகொடுத்தாள். பிறகு நிராகரிப்புக் கடிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, ஒரு பந்தியில் விரலை வைத்தாள்.

இவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தார்.

இப்படிக் கடன் வாங்கும் பெண்கள் ஊரில் மதிப்போடு வாழ்கிறார்கள், குழுவின் துணை அவர்களுக்கு எப்போதும் உண்டு, ஆகவே இந்தப் பெண் திரும்பிப் போய்க் குழுவின் உதவியை நாடலாம் என்று அதில் எழுதியிருந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டியிருந்தது இவருடைய புத்தகத்தை.

வீட்டுக்கு ட்ராமில் வந்தோம். எங்கள் நிறுத்தத்தில் நான் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் அவர் இறங்கவில்லை. கதவு மூடி, ட்ராம் போய்விட்டது. கைத்தொலைபேசியை எடுக்கவில்லை. நான் ரைன் ஆற்றங்கரை முழுவதும் தேடி நடந்தேன். கரையோரம் உட்காரப் போட்டிருந்த ஒவ்வொரு வாங்காகப் பார்த்தேன். பாலத்துக்குக் கிட்ட, தண்ணீருக்குப் போகும் படியில் உட்கார்ந்திருந்தார்.

"இஞ்சேருங்கோ, வாங்கோ வீட்டை" என்றேன்.

"குழு அவவைக் காப்பாத்துமாம்" என்றார். "நான் எழுதினனான். நான்தான் எழுதினனான்."

சாட்சி சொல்வதற்கு முன்னதாகவே எழுத்தில் கொடுக்கவேண்டும் என்று வழக்கறிஞர் கேட்டிருந்தாள். எழுதினார். அந்த நாட்களில் சோறு அவர் தட்டில் அப்படியே காய்ந்து கிடக்கும். எழுதுவார், கிழிப்பார், படுப்பார். செய்தி எப்படியோ பரவிவிட்டது. அமைப்பில் இவரோடு கூடவே வேலை செய்தவர், எங்கள் மகளின் கல்யாணத்துக்கு வந்தவர், தொலைபேசி எடுத்தார். ஒரு பெண்ணுக்காக எல்லாவற்றையும் நாசமாக்காதே, இன்னும் எத்தனையோ நாடுகளில் இந்தத் திட்டத்தால் சனம் பிழைக்கிறது என்றார். இவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செத்தவளின் கதை உன் மேசைக்கு முன்னால் வந்து உட்காரவில்லை" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒருவரும் எடுக்கவில்லை. ஆண்டுதோறும் டிசம்பரில் வரும் நத்தார் வாழ்த்து அட்டையும் வரவில்லை.

நீதிமன்றம் நான் நினைத்ததுபோல் பெரிய மண்டபமில்லை. பள்ளிக்கூட வகுப்பறைபோல ஓர் அறை. நீதிபதி ஒருவர், மொழிபெயர்ப்பாளர் ஒருவர், வழக்கறிஞர், அவள், இவர், பின்னால் நான். இவர் மகளின் கல்யாணத்துக்கும் விருது வாங்கவும் போட்ட கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். அது இப்போது அவருக்குத் தொளதொளவென்று இருந்தது.

நீதிபதி மரியாதையாகத்தான் கேட்டார். புத்தகத்தில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், இந்த அறிக்கையில் அதற்கு எதிராக எழுதியிருக்கிறீர்கள், எதை நான் நம்புவது என்று.

"இரண்டும் என் கையால் எழுதியவை" என்றார் இவர். "அந்தப் புத்தகத்தை எழுதியபோது பெண்கள் என்னிடம் சிரித்தார்கள். நான் கடன் கொடுப்பவன். கடன் கொடுப்பவனுக்கு முன்னால் வேறு எப்படி நிற்பார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஒருவருக்கொருவர் பிணை என்பது நம்பிக்கை என்று எழுதினேன். காசு இல்லாத வீட்டில் அது கயிறு. அதைத் திரித்துக் கொடுத்தவன் நான்."

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நீதிபதி அவள் பக்கம் திரும்பினார். இவர் கொடுத்த கடன்தான் உங்களை நாட்டை விட்டு ஓடவைத்ததா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். அவள் படபடவென்று எழுந்து நின்றாள்.

"ஐயோ, இல்லை! ஐயாவைக் குறை சொல்லாதேங்கோ. ஐயா தந்த காசு நல்ல காசு. அந்தக் காசிலதான் என்ர பிள்ளைக்குச் சோறு குடுத்தனான். குழுவும் அப்ப நல்ல குழு. நாங்கள் சகோதரம் மாதிரி இருந்தனாங்கள்."

வழக்கறிஞருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இவருக்கு, நிராகரிப்புக் கடிதத்தில் இருந்ததையே அவளும் சொல்கிறாள் என்று விளங்கிவிட்டது. "வேண்டாம் பிள்ளை, அப்பிடிச் சொல்லாதையும்" என்று இவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். நீதிபதி கையை உயர்த்தி நிறுத்தினார். மொழிபெயர்ப்பாளர் அவள் சொன்னதை ஒன்றும் விடாமல் ஜெர்மனில் சொல்ல, நீதிபதி எழுதிக்கொண்டார். அவளோ, பெரிய மனிதர் ஒருவருடைய மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு உட்கார்ந்தாள்.

தீர்ப்பு தபாலில் வந்தது. கடன் தனிப்பட்ட விடயம், அரசு துன்புறுத்தவில்லை, அதே நாட்டின் வேறொரு ஊரில் போய் அவள் வாழலாம் என்றிருந்தது. வழக்குத் தோற்றவர்களுக்கு, அனுப்பும்வரை பொறுத்துக்கொள்கிறோம் என்று ஒரு கடதாசி கொடுப்பார்கள். அதற்கு டுல்டுங் என்று பெயர். அவளுக்கும் கொடுத்தார்கள். அதைப் புதுப்பிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் பொலிஸ் காத்திருக்குமோ என்று பயந்து, எங்களுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டுத்தான் அந்த அலுவலகத்துக்குள் போவாள். சில சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். வெங்காயம் உரித்துத் தருவாள். நானும் அவளும் சமையலறையில் கதைப்போம். இவர் அறைக்குள்ளேயே இருப்பார். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை வந்தவள் குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே நின்றாள்.

"ஐயா, நான் ஊருக்குப் போகப்போறன். நானே போறன் எண்டு எழுதிக் குடுத்திட்டன்."

இவர் அறையிலிருந்து வந்தார். "விசர்க்கதை கதைக்காதையும் பிள்ளை. இன்னொரு அன்ட்ராக் எழுதி விண்ணப்பிக்கலாம். நான் வழக்கறிஞரோட கதைக்கிறன்."

"தங்கச்சி வீட்டை வரத் தொடங்கிட்டாங்கள் ஐயா. தாய் கட்டேல்லை எண்டா மகள் கட்டட்டாமெண்டு சொல்லுறாங்கள். அவள் இப்பதான் பெரிய பிள்ளையானவள். அந்த வசூல்காரன் அவளைப் பாக்கிற பார்வை சரியில்லையாம். நான் இஞ்ச இருந்து என்ன செய்யிறது?"

இவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு? முழுக்க எவ்வளவு எண்டு சொல்லும். நான் தாறன். நீர் ஆறுதலா, உமக்கு ஏலும்போது..."

"கடன் எண்டா வேண்டாம் ஐயா."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். பார்வையை எடுக்காமலே, "சும்மா தாறதெண்டா தாங்கோ. வாங்குறன்" என்றாள்.

இவர் மெல்லக் கதிரையில் இருந்தார். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். நான் அவர் அழுது கண்டதில்லை. ஊரில் அவருடைய தாய் செத்த செய்தி வந்தபோதுகூட. அன்று அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓம் பிள்ளை. சும்மாதான்" என்றார்.

திங்கட்கிழமை நானும் அவரும் வங்கிக்குப் போய், எங்கள் முதுமைக்கென்று வைத்திருந்ததை உடைத்தோம். எனக்கு அதில் சம்மதம்தான். ஆனால் வங்கிப் படியில் இறங்கும்போது, இன்னும் எத்தனை காலம் அந்தச் சமையலறையில் பெரிய சட்டிகளைத் தூக்கப்போகிறேன் என்ற நினைப்பு வந்ததையும் மறைக்கமாட்டேன்.

விமான நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். இவரால் ஏலவில்லை. அவளுடைய மகளுக்குக் காலுக்குப் போடச் சப்பாத்தும் சொக்லேட்டும் வாங்கிக் கொடுத்தேன். உள்ளே போகும்முன் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஐயாவைத் தனிய விடாதேங்கோ. கிணத்தில செத்தவளும் கடைசியா இப்பிடித்தான் முகத்தை வைச்சுக்கொண்டு திரிஞ்சவள். நாங்கள்தான் கவனிக்கேல்லை."

வீடுவரை எப்படி வந்தேனென்று எனக்கு நினைவில்லை. கதவைத் திறந்து, அவர் அறையில் விளக்கு எரிவதைக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது. அன்றிலிருந்து அவரை நான் தனியே வெளியே விடுவதில்லை. மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை தந்தார்கள், போடுகிறார். சமையலறையில் நேரத்தைக் குறைத்துக் கேட்டேன். தந்தார்கள், சம்பளமும் குறைந்தது.

அவள் ஊருக்குப் போய்த் தன் கடனைக் கட்டினாள். மகளைத் தூர இடத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு விடுதியில் சேர்த்தாள். அதைச் சொல்லத் தொலைபேசி எடுத்தபோது அவள் குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது. ஆனால் ஐயா சும்மா தந்தவர் என்ற செய்தி அந்த ஊரில் ஒளிந்து நிற்குமா? குழுவில் மிஞ்சியிருந்த மற்ற மூன்று பேரும் தொலைபேசி எடுத்தார்கள். ஏலுமானதைக் கொடுத்தோம். பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள். பிறகு நாங்கள் பெயர்கூடக் கேட்டறியாத ஊர்கள். அங்கே பொழுதுபடும் நேரம் இங்கே மத்தியானம். நாங்கள் சாப்பிட உட்காரும் நேரத்துக்குத் தொலைபேசி அடிக்கத் தொடங்கும்.

"நம்பரை மாத்துவம்" என்று நான் கெஞ்சினேன். மகளும் சொன்னாள். அவர் மாட்டேன் என்றார். கொடுக்க ஒன்றுமில்லாமல் போன பிறகும் ஒவ்வொரு அழைப்பையும் எடுத்தார். "ஏலாது பிள்ளை. என்னட்ட இனி இல்லை" என்பார். அப்படியும் அவர்கள் வைக்கமாட்டார்கள். இவரும் வைக்கமாட்டார்.

போன வாரம் ஒருத்தி தொலைபேசி எடுத்தாள். இவருக்குக் காது மந்தமென்பதால் ஒலிபெருக்கியில்தான் கதைப்பது வழக்கம். எனக்கும் எல்லாம் கேட்டது.

"நீங்கள்தானாம் இதை முதல் தொடங்கினது?"

"ஓம் பிள்ளை. நான்தான்."

அவள் பேசத் தொடங்கினாள். அப்படியொரு பேச்சை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. அவர் குலம் நாசமாய்ப் போகும் என்றாள். அவர் பிள்ளையும் இப்படி ஒருவன் முன்னால் நிற்கவேண்டும் என்றாள். நான் பாய்ந்து தொலைபேசியைப் பறிக்கப் போனேன். இவர் என் கையைத் தடுத்துப் பிடித்துக்கொண்டார்.

அவள் களைத்துப்போய் நிறுத்தினாள். மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்டார். "எத்தனை பேர் உங்கட குழுவில? என்ன நடந்தது, முதல்ல இருந்து சொல்லும். காசு என்னட்ட இல்லை. நீர் சொல்லும், நான் கேக்கிறன்."

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு, மிகவும் இறங்கிய குரலில், அவள் தன் ஊரின் பெயரைச் சொன்னாள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.